நெருக்கத்தின் நாட்களில் விசுவாசம்: நீலகிரி, கொடைக்கானல் மலைச் சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. விசுவாசம் போய்விட்டதா?

போகவில்லை. உட்கார்ந்தீர்களே, அதுவே ஜெபம்தான். நாம் எப்படி வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அறியாதிருக்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. சொந்த வார்த்தை வராத காலத்தில் பிறர் ஜெபித்த வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மொத்தமே ஆறு வசனம், ஒரு நிமிடம் கூட ஆகாது. ஏழு நாளும் அதே சங்கீதம்தான். நாளுக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். நான்காம் நாளில் அது பாதி மனப்பாடமாகியிருக்கும், தேயிலை பறிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் தானாக நாவுக்கு வரும். வாய்விட்டு வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனதுக்குள் வாசித்தால் இரண்டாம் வசனத்திலேயே எண்ணம் கவலைக்குப் போய்விடும். குரல் எழும்பினால் மூச்சு நிதானப்படும், எண்ணமும் கூடவே வரும்.

இரவில் இயேசு கற்பித்த பரமண்டல ஜெபம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு என்று மெதுவாகச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் ஜெபமாலை முழுவதும் சொல்ல முடியாவிட்டால் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும் சொன்னால் போதும். அதற்கும் பெலன் இல்லாத நாளில் "ஆண்டவரே, எனக்கு இரங்கும்" என்ற ஒரே வரி. சொன்னதையே திரும்பச் சொல்வது குறைவான ஜெபம் என்று யாராவது சொன்னால், கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்ததை மத்தேயு 26:44இல் காட்டுங்கள்.

பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான். "இனி தினமும் அதிகாலை நாலு மணிக்கு ஒரு மணி நேரம்" என்று தீர்மானிப்பார்கள். நாலு நாளில் அது நின்றுபோகும். ஏற்கெனவே இருந்த துக்கத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

கர்த்தர்மேல் கோபம் வருகிறது. அதைச் சொன்னால் பாவமா?

அவரிடமே சொன்னால் பாவமில்லை. மேலே சொன்ன 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் தெரியும். இதில் அதுவும் இல்லை. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கினீர் என்று முறையிட்டபடியே 18ஆம் வசனத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் முதல் வசனம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. முறையிடுகிறவன் யாரிடம் முறையிடுகிறான் என்பதில் இருக்கிறது அவனுடைய விசுவாசம். இப்படி ஒரு பாட்டை வேதத்தில் வைத்திருக்கிற சபை, அழுகிற ஒருவரைப் பார்த்து "முறுமுறுக்காதே" என்று வாயை அடைப்பது நியாயமில்லை.

சொந்தப் புலம்பலை எழுதிப் பார்க்கவும் செய்யலாம். ஒரு நோட்டுப் பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். முதலில் கூப்பிடுதல்: ஆண்டவரை எந்தப் பெயரில் கூப்பிட முடிகிறதோ அந்தப் பெயர், ஒரு வரி. அடுத்தது முறையீடு, இதற்குத்தான் இடம் நிறைய வேண்டும். "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல் "ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் ஜெபித்தோம், அப்பா போய்விட்டார், நீர் கேட்கவில்லை" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மூன்றாவது விண்ணப்பம்: இன்றைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசியில் நம்பிக்கையின் வரி. அது வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கீழே தேதி மட்டும் போடுங்கள். வராததை வந்ததுபோல எழுதிவைத்தால் அடுத்த நாள் அந்தத் தாளைப் பார்க்கவே மனம் வராது. வாரத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும்; தினமும் எழுதினால் காயத்தைக் கிளறுவதாகிவிடும்.

அழுகையைப் பற்றியும் ஒன்று. கொடைக்கானல் சலேத் மாதா ஆலயத்தில் ஆகஸ்ட் நடுவில் திருவிழாவுக்குக் கூடுகிறவர்களுக்குத் தெரியும், 1846இல் பிரான்ஸ் தேசத்து மலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் காட்சியளித்தபோது அன்னை அழுதுகொண்டிருந்தார் என்பது. மரித்த லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டார். கண்ணீரை அவிசுவாசம் என்று எண்ணாதீர்கள்.

மண்சரிவில் வீடு போயிற்று. "ஏதோ பாவத்துக்குத் தண்டனை" என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்று பதிலும் சொல்கிறார் (லூக்கா 13:4, 5). பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்றார் (யோவான் 9:3). ஆண்டவர் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, செத்தவர்கள் வீட்டு வாசலில் நின்று பாவக் கணக்குப் பார்க்க யாருக்கும் அதிகாரமில்லை.

2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்தில் மலை சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது ஏன் நடக்கிறது என்பது மறைபொருள் அல்ல. நம் மலையில் பாறைக்குமேல் கனத்த மண் அடுக்கு இருக்கிறது. நாள்கணக்கில் மழை பெய்தால் அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். சரிவை வெட்டி வீடும் ரோடும் போட்ட இடத்திலும், ஓடைக்கால் அடைபட்ட இடத்திலும் அது முதலில் இறங்கும். சுவரில் புது விரிசல், இறுக்கிக்கொள்ளும் கதவு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அன்றே வெளியேறுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. "கர்த்தர் காப்பார்" என்று வீட்டுக்குள்ளேயே இருப்பது விசுவாசத்தின் அடையாளம் அல்ல. எகிப்துக்குப் போ என்று சொப்பனத்தில் சொன்னவுடன் யோசேப்பு இரவோடு இரவாகப் பிள்ளை இயேசுவையும் தாயையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

நிவாரண முகாமில் வாசிக்க 46ஆம் சங்கீதம் பொருந்தும். நம் வட்டார வீடுகளில் 121ஆம் சங்கீதத்தைத்தான் சுவரில் எழுதியிருப்போம். ஒத்தாசை வரும் பர்வதங்களைப் பார்ப்பது அழகுதான். ஆனால் மலையே இடம்பெயர்ந்த இரவில் "மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" என்று பாடும் சங்கீதமே நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கும்.

புதுவருஷ ஆராதனையில் கிடைத்த அட்டையில் உள்ள வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லையே?

நம் வீடுகளில் அதிகம் தொங்குவது எரேமியா 29:11: "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அதற்கு முந்தைய வசனத்தை அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் ஆனபிறகுதான் திரும்பக் கொண்டுவருவேன் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. இன்னும் மேலே 5ஆம் வசனத்தில், அதுவரைக்கும் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். இது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்; அதைக் கேட்டவர்களில் வயதானவர்கள் ஒருவரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தோட்டத்து லயன் வீட்டில் இருந்துகொண்டே அந்நிய மண்ணைச் சொந்த மண்ணாக்கிய பாட்டன் பாட்டிமாருக்கு எழுதியதுபோலவே இருக்கும் அந்த அதிகாரம்.

ஆகவே அட்டையைக் கிழிக்க வேண்டாம். அட்டையில் உள்ள வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களை வேதாகமத்தில் எடுத்து வாசித்து, யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று அட்டையின் பின்புறம் இரண்டு வரி எழுதுங்கள். இந்த வருஷத்துக்குள் இது நடந்தாக வேண்டும் என்ற கெடு நாம் போட்டது. வசனத்தில் அது இல்லை.

எழுந்திருக்கவே மனமில்லை, "போதும்" என்று தோன்றுகிறது. இது விசுவாசக் குறைவா, நோயா?

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். கர்மேலில் அக்கினி இறங்கக் கண்டவன் அவன். அவனை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. தூதன் அவனைத் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, திரும்பத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "நீ இங்கே என்ன செய்கிறாய்" என்ற கேள்வி அதற்கு நாற்பது நாளுக்குப் பிறகு ஓரேப் மலையில்தான் வருகிறது (1 இராஜாக்கள் 19). சாப்பாடும் தூக்கமும் முன்னால், பேச்சு பின்னால். வீட்டில் இப்படி ஒருவர் படுத்துவிட்டால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆடி மாத மழையில் வாரக்கணக்கில் வெயிலே காணாமல் வீட்டுக்குள் அடைந்திருக்கும்போது இது கூடும். மழை விட்ட அரை மணி நேரமாவது வெளியே நடக்க வையுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். உடனே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. அவரைத் தனியே விடாதீர்கள்; பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்களை அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜெபித்துவிட்டோம், மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது. வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான்; பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் சொன்னார். அதன் பிறகும் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் (2 இராஜாக்கள் 20:7). மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்கிற ஊழியக்காரரிடமிருந்து விலகியிருங்கள். காசநோய் மருந்தை, சுகமானதுபோலத் தெரிந்ததும் பாதியில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பும். இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. எண்ணெய் பூசி ஜெபிக்க மூப்பரை அழையுங்கள், யாக்கோபு 5 அதைத்தான் சொல்கிறது. மாத்திரையும் தொடரட்டும்.

உபவாசம், முழு இரவு ஜெபம், பொருத்தனை (நேர்த்திக்கடன்): எது வரைக்கும்?

சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், துக்கத்தில் ஏற்கெனவே சாப்பிடாமல் மெலிந்தவர் உபவாசிக்க வேண்டாம். அவர்கள் செல்போனையோ சீரியலையோ விட்டு அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம். மற்றவர்கள் ஒரு வேளையில் தொடங்கி, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கட்டும்.

முழு இரவு ஜெபத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடுவில் கரி அடுப்பை வைத்துக் குளிர்காயும் வழக்கம் நம் மலையில் இருக்கிறது. அந்தப் புகையற்ற கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் தூக்கமும் வரும்; ஜெபத்தில் அசந்துவிட்டார்கள் என்று நினைப்போம், எழுந்திருக்கவே மாட்டார்கள். மூடிய அறைக்குள் கங்கே வேண்டாம். கம்பளியும் பிளாஸ்கில் சுடுதண்ணீரும் போதும். பத்து மணிக்கு ஜெபத்தை முடித்தாலும் ஆண்டவர் கேட்கிறார்.

பொருத்தனையை நெருக்கத்தின் உச்சத்தில் செய்யாதீர்கள். செய்தால் கையில் இருப்பதைக் கொண்டு செய்யுங்கள். ஊட்டி காந்தல் குருசடி ஆலயத்துக்கு மே 3 திருவிழாவில் நடந்துவருகிறேன் என்பது உங்கள் காலால் முடிகிற பொருத்தனை. நகையை அடகு வைத்துக் காணிக்கை போடுவேன் என்பது பிள்ளைகளின் சாப்பாட்டின்மேல் செய்கிற பொருத்தனை. "விதை விதைத்தால் நூறு மடங்கு" என்று தொகை குறித்துக் கேட்கிற எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது. விசுவாசம் இதற்கு என்ன செய்யும்?

2 இராஜாக்கள் 4ஐ எடுங்கள். கடன்காரன் பிள்ளைகளை அடிமையாக்க வருகிறான் என்று ஒரு விதவை தீர்க்கதரிசி எலிசாவிடம் கதறுகிறாள். அவன் கேட்ட கேள்வி: "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" பிறகு அயலாரிடம் பாத்திரம் வாங்கச் சொன்னான், அதாவது அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரிந்தது. எண்ணெய் நிரம்பிய பின் அதை விற்றுக் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு பிழைக்கச் சொன்னான். அற்புதம் நடந்த வீட்டிலும் கணக்கு இருந்தது, விற்பனை இருந்தது.

அதேபோலச் செய்யுங்கள். ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. கணவனுக்கோ மனைவிக்கோ தெரியாத கடன் ஒன்றும் இருக்கக்கூடாது. விசுவாசக் குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் அந்த மறைத்த கடனால்தான். அந்தத் தாளைப் பரமண்டல ஜெபத்தில் "அன்றன்றுள்ள அப்பம்" என்று வரும் இடத்தில் கையில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்கப் பாருங்கள், வட்டி கட்ட இன்னொரு குழுவில் கடன் எடுக்காதீர்கள். கிறிஸ்துமஸ் புதுத்துணியையும் அசன விருந்துக்கான பங்கையும் இந்த வருஷம் குறைத்தால் மானம் போகாது. போதகர் ஐயரிடமோ ஃபாதரிடமோ சொல்லுங்கள். சபையில் ஏழைகள் நிதி இருக்கிறது, கேட்டால்தான் தெரியும்.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது?

முதல் நாள் பேசவே வேண்டாம். யோபின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தபோதுதான் கெட்டுப்போயிற்று. "நல்லவங்களைத்தான் கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்குவார்", "இன்னொரு பிள்ளை கொடுப்பார்", "அழாதே அக்கா, சாட்சி கெட்டுப்போகும்": இந்த மூன்றையும் யாரும் சொல்லாதிருக்கட்டும். "அண்ணன் நல்லா பாடுவாரே" என்று இறந்தவரைப் பற்றி ஒன்றைச் சொன்னால் போதும்.

கையில் எதையாவது கொண்டுபோங்கள். பிளாஸ்கில் காபி, பிள்ளைகளுக்கு இட்லி, நனையாத விறகு, இரவு தங்க வரும் உறவினருக்கு இரண்டு கம்பளி. அடக்கம் முடிந்து மூன்றாம் நாளில் கூட்டம் கலைந்துவிடும். கீழ்நாட்டு உறவினர் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுவார்கள். உங்கள் வருகை அதிகம் தேவைப்படுவது ஆறாவது வாரத்தில். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கி என்று அலைவது அப்போதுதான். கூட ஒருவர் போங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் மழைக்காலத்தில் வருகிறது, வயதானவர்களைக் கல்லறைக்கு அழைத்துப்போக வண்டி ஏற்பாடு செய்வதும் ஆறுதல் சொல்வதுதான்.

ரோடு அடைபட்டு ஆராதனைக்குப் போக முடியாத ஞாயிறுகளில்?

வீட்டிலேயே கால் மணி நேரம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டு, சபை நாட்காட்டியான அல்மனாக்கில் அந்த ஞாயிறுக்குக் குறித்த சங்கீதமும் சுவிசேஷமும், ஒவ்வொருவரும் ஒரே வரியில் ஒரு விண்ணப்பம், பரமண்டல ஜெபம். பிள்ளையும் வாசிக்கட்டும். பிரசங்கம் வேண்டாம், அப்பா அந்த நேரத்தில் புத்தி சொல்லத் தொடங்கினால் அடுத்த வாரம் பிள்ளைகள் எழுந்து வரமாட்டார்கள்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "சிலுவையைச் சுமந்துகொள்" என்கிறார்கள்.

அடிவாங்குவது சிலுவை அல்ல. நாசரேத்தில் மலைச் சிகரத்திலிருந்து தள்ளிவிட வந்தவர்கள் நடுவிலிருந்து இயேசுவே கடந்துபோய்விட்டார் (லூக்கா 4:29, 30). பெண்கள் உதவி எண் 181; ஆபத்து அந்த நிமிடத்தில் என்றால் 112. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்களின் நகல் ஒரு பையில் நம்பிக்கையான அக்காவின் வீட்டில் இருக்கட்டும். மன்னிப்பது வேறு, அதே வீட்டில் இருப்பது வேறு. சபை மூப்பர்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாதானம் பேசக்கூடாது. அந்த அறையில் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது.

பல மாதமாக ஆலயத்துக்குப் போகவில்லை. எப்படித் திரும்பிப் போவது?

"எங்கே ஆளையே காணோம்" என்ற கேள்விக்குப் பயந்தே பலர் வருவதில்லை. ஆகவே வாரநாள் ஒன்றில், ஆலயம் திறந்திருக்கும் நேரத்தில், கூட்டமில்லாதபோது முதலில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்து ஐயருக்கோ ஃபாதருக்கோ போன் செய்து, "இந்த ஞாயிறு வருகிறேன், காரணம் எதுவும் கேட்கவேண்டாம், சாட்சி சொல்லவும் கூப்பிடவேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். நல்ல மேய்ப்பர் அதை மதிப்பார். ஞாயிறன்று மணி அடித்தபின் நுழைந்து கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காருங்கள். பாட வராவிட்டால் எழுந்து நின்றால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் பாடுவார்கள். விசுவாசப்பிரமாணத்தில் ஒரு வரி தொண்டையில் சிக்கினால் அந்த வரியில் நிறுத்தி, அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்" என்று மாற்கு 9இல் கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். திருவிருந்து எடுக்க மனம் ஆயத்தமில்லாவிட்டால் முதல் வாரம் இருக்கையிலேயே இருக்கலாம். ஆசீர்வாதம் முடிந்ததும், கைகுலுக்கும் கூட்டம் வாசலில் சேருமுன் பக்கவாசல் வழியாகக் கிளம்பலாம். அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சுக்கு வாருங்கள்.